அம்பலம் ஏறாத சொல்

மூலக்கொத்தளம் என்ற பெயரைப் பிரித்தால் ஒரு சுவரின் மூலை கிடைக்கிறது. 1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் புகுந்து சூறையாடியது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல் வரை வந்து, ஆங்கிலேயரை உடன்படிக்கைக்குப் பணிய வைத்துவிட்டுத் திரும்பியது. இந்த இரண்டு அச்சங்களும் சேர்ந்து கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதிலை எழுப்பின. அதன் வடமேற்கு மூலையில் பீரங்கிகளோடு வெளியே பார்த்து நின்ற கொத்தளத்தின் பெயர்தான் இன்று அந்த வட்டாரத்தின் பெயர். மதில் போய்விட்டது. மாடிப்பூங்காவில் அதன் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. மதிலுக்காக விதிக்க நினைத்து வசூலிக்காமல் போன வரி, வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் தங்கிவிட்டது.

ஊரின் இந்த ஆதி வரைபடம் எனக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி நாம் நினைக்கும் விதமும் ஏறக்குறைய ஒரு மதிலைப் போன்றதுதான். ஆபத்து வெளியிலிருந்து வரும், அந்நியன் வடிவில் வரும், சாக்குமூட்டையோடு வரும். பிள்ளைபிடிக்கிறவன் என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அநேகமாக இல்லை. நானும் அதைக் கேட்டுத்தான் சோறு உண்டேன்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தச் சொல் கொலை செய்தது. வடமாநிலத்திலிருந்து குழந்தைகளைக் கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஆதரவற்று அலைந்த ஒரு மனிதரை ஊரார் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகத் தாக்கப்பட்டது. அதில் ஒரு மூதாட்டி இறந்தார். இரண்டு மாதங்கள் கழித்து, ஜூலையில், அயனாவரம் வழக்கு வெளிவந்தது. மதிலும் வாயிற்காவலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. கைதானவர்கள் 17 பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தைக் காக்கவும் பேணவும் சம்பளம் வாங்கியவர்கள். 2020 பிப்ரவரியில் அவர்களில் 15 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மாதக்கணக்கில் நடந்த கொடுமை, அந்தச் சிறுமி தன் குடும்பத்தில் ஒருவரிடம் வாய் திறந்த நாளில்தான் முடிவுக்கு வந்தது. அவளைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். சட்டம் அதைத் தடுக்கிறது, தடுப்பதும் நியாயம்.

மே மாதத்தில் நாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூலையில் தெரியவந்தது உள்ளே நடந்தது. அதை வெளிக்கொணர்ந்தது காவலாளியோ கேமராவோ அல்ல, ஒரு குழந்தையின் சொல். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது பழமொழி. குழந்தையின் சொல் எந்த அம்பலத்தில் ஏறியது, எப்போது ஏறியது, யார் ஏற்றினார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

*

வியப்பூட்டும் செய்தி என்னவென்றால், ஏட்டளவில் இந்தியச் சட்டம் குழந்தையின் வாயை ஒருபோதும் அடைக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 118ஆவது பிரிவில், சாட்சி சொல்ல வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. கேட்கப்படும் கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தால் போதும், ஐந்து வயதுக் குழந்தையும் சாட்சிதான். 2024 ஜூலையில் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் இதே கொள்கையைத்தான் வைத்திருக்கிறது.

ஆனால் கேள்வி கேட்க யாரும் வரவில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் சம்மத வயதைப் பத்து என்று வைத்தது. 1889இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி கணவனின் வன்முறையால் இறந்தாள். அதன் பிறகு எழுந்த பெரும் விவாதத்தின் முடிவில், 1891இல், அந்த வயது பன்னிரண்டாக உயர்ந்தது. பண்டிதர்கள் பேசினார்கள், மருத்துவர்கள் பேசினார்கள், பத்திரிகைகள் பேசின. சாத்திரம் என்ன சொல்கிறது என்பது அலசப்பட்டது. பேசப்பட்ட பொருளாக மட்டுமே சிறுமிகள் அந்த விவாதத்தில் இருந்தார்கள்.

இந்தியாவிலேயே முதல் சிறார் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. அது 1920ஆம் ஆண்டு. வங்காளம் 1922லும் பம்பாய் 1924லும் பின்தொடர்ந்தன. சிறார்களைப் பெரியவர்களின் சிறையிலிருந்து விலக்குவதும், கேட்பாரற்ற குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதும் அதன் நோக்கம். அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டத்தின் கண்ணில் குழந்தை என்பது கொண்டுவரப்படுவது, ஒப்படைக்கப்படுவது, சேர்க்கப்படுவது. எல்லாம் செயப்பாட்டு வினை. தானே வந்து 'எனக்கு இப்படி நேர்ந்தது' என்று சொல்லும் குழந்தையை அது எதிர்பார்க்கவில்லை.

அப்படி வந்த குழந்தைகளும் இருந்தார்கள். சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறைக்கு எதிராக இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிய சில சிறுமிகள் 1930இல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வராத நிலையில் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. சட்டம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, நம்பி வந்து சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்ற செய்தி அச்சிறுமிகளுக்கு எட்டியிருக்கிறது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்தக் கதவுதான்.

குடியரசின் தொடக்க ஆண்டுகளில் இன்னொரு கதவு திறந்தது. 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் அரசு என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவள் எட்டு வயதுச் சிறுமி. அவளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைக்கவில்லை என்பதும், அவள் சொல்லுக்குத் துணைச் சான்று இல்லை என்பதும் எதிர்த்தரப்பின் வாதங்கள். நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு இரண்டையும் ஏற்கவில்லை. பிரமாணம் இல்லாததால் மட்டும் சாட்சி செல்லாததாகிவிடாது. துணைச் சான்றைத் தேடுவது விவேகம், எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை. சிறுமி நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் தன் தாயிடம் சொல்லியிருக்கிறாள். தாய் அதை நீதிமன்றத்தில் சொன்னாள். அதுவே துணைச் சான்றாகும் என்றது நீதிமன்றம்.

இதன் பொருளைச் சற்று யோசிக்க வேண்டும். வீட்டில் அம்மாவிடம் தேம்பிச் சொன்ன சொல்லுக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் மதிப்பளித்தது. ஆனால் அம்மா கேட்டிருக்க வேண்டும். 'வெளியே சொல்லாதே' என்று வாயைப் பொத்தாமல் இருந்திருக்க வேண்டும். நீதிமன்றத்தின் படிக்கட்டு உண்மையில் அடுப்பங்கரையில் தொடங்குகிறது.

*

குழந்தையைக் காப்பதோடு நிற்காமல், சொல்லக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்ற எண்ணம் மிகப் பிற்காலத்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கார்டீலியா ஆண்டர்சன் என்பவர், தொடுகைகளை ஒரு தொடர்வரிசையாகக் குழந்தைகளுக்கு விளக்கும் முறையை உருவாக்கினார். அது நாடகமாகவும் பள்ளிகளுக்குப் போனது. 'நல்ல தொடுகை, கெட்ட தொடுகை' என்று இன்று நம் பள்ளிகளில் ஒலிப்பதன் வேர் இத்தகைய முயற்சிகளில் இருக்கிறது. 1986இல் பிரிட்டனில் குழந்தைகள் தாங்களே அழைத்துப் பேசும் தொலைபேசிச் சேவை தொடங்கியது. 1989இல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்றது. இந்தியா 1992இல் அதை ஏற்றது.

1996இல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக, 1098 பிறந்தது. தொடங்கிவைத்தவர் ஜெரூ பில்லிமோரியா. தெருக்குழந்தைகளோடு பழகிய அனுபவத்திலிருந்து வந்த சேவை அது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொல்லக் கூடிய எண். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளும்.

2004ஆம் ஆண்டு இரண்டு காரணங்களுக்காகக் குறிப்பிடத்தக்கது. சாக்ஷி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், சாட்சி சொல்லும் குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரை வைக்க வேண்டும், சங்கடமான குறுக்குக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுத்து அவர் வழியாகக் கேட்க வேண்டும், இடையிடையே ஓய்வு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் சென்னையில் துளிர் என்ற அமைப்பு, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பதையும் அதிலிருந்து மீட்பதையும் மட்டுமே தன் பணியாகக் கொண்டு தொடங்கியது. 2006இல் துளிர் வெளியிட்ட ஆய்வு, சென்னையில் பள்ளி செல்லும் 2,211 குழந்தைகளிடம் கேட்டறிந்தது. அவர்களில் 42 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெண் குழந்தைகளில் 39 விழுக்காடு, ஆண் குழந்தைகளில் 48 விழுக்காடு. அடுத்த ஆண்டு மத்திய அரசின் ஆய்வு, தமிழ்நாடு இடம்பெறாத 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 53.22 விழுக்காட்டினர், ஆம் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஆண் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். பையனுக்கு இப்படி நேரும் என்பதற்கு நம் பேச்சில் சொல்லே கிடையாது. சட்டத்திலும் அப்போது இயற்கைக்கு மாறான உறவு பற்றிய பழைய 377ஆவது பிரிவைத் தவிர வேறு இடமில்லை. மூலக்கொத்தளத்தில் கிரிக்கெட் ஆடும் பையன், தான் சொல்ல வேண்டியதற்கு வீட்டிலும் காவல் நிலையத்திலும் பெயரற்றவனாக இருந்தான்.

*

2012 மே மாதத்தில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது போக்சோ என்று நாம் சுருக்கிச் சொல்லும் சட்டம். அதன் தண்டனைகளைப் பற்றியே நாளிதழ்கள் எழுதுகின்றன. 2019 திருத்தத்தில் மரண தண்டனையும் சேர்ந்த பிறகு பேச்சு முழுக்க அதுதான். ஆனால் இலக்கிய வாசகர் ஒருவர் அச்சட்டத்தைப் படித்தால் வேறு சில வரிகளில் நின்றுவிடுவார் என்று நினைக்கிறேன்.

புகாரைக் குழந்தையே கொடுத்தால், அதைக் குழந்தைக்குப் புரியும்படி எளிய மொழியில் எழுத வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. வாக்குமூலத்தை, குழந்தை நம்பும் ஒருவரின் முன்னிலையில், குழந்தை பேசியபடியே பதிவு செய்ய வேண்டும் என்கிறது 26ஆவது பிரிவு. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் கேட்க வேண்டும் என்கிறது 24ஆவது பிரிவு. வழக்கறிஞரின் கேள்விகள் நீதிபதி வழியாகவே போக வேண்டும், குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது என்கிறது 33ஆவது பிரிவு. சொன்னது தவறாக இருந்தாலும் குழந்தைக்குத் தண்டனை இல்லை. தெரிந்தும் தெரிவிக்காத பெரியவருக்கு உண்டு. சட்டத்தின் கண்ணில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடும் இல்லை.

'குழந்தை பேசியபடியே' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு புரட்சி இருக்கிறது. நம் காவல் நிலையத் தமிழ் நமக்குத் தெரியும். 'மேற்படி நபர் மேற்படி சிறுமியிடம் தகாத முறையில்' என்று தொடங்கும் அந்த நடையில் யாருடைய குரலும் இராது. நாளிதழ்த் தமிழும் அப்படித்தான். 'சில்மிஷம்' என்று எழுதினால் குறும்பாகிவிடுகிறது. 'கற்பழிப்பு' என்று எழுதினால் பாதிக்கப்பட்டவள் எதையோ இழந்தவளாகிவிடுகிறாள். இந்தச் சொற்களையெல்லாம் விலக்கிவிட்டு, 'அந்த மாமா இங்க கை வெச்சாரு' என்று குழந்தை சொன்னால் அதை அப்படியே எழுது என்று ஒரு சட்டம் சொல்கிறது. சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள்தாம் நம் மாநிலத்தில் இத்தகைய வழக்குகளைப் பெரும்பாலும் கையாள்கின்றன. அங்குள்ள எழுத்தர் ஒருவரின் பேனாவில்தான் இந்த வரி வாழ வேண்டும் அல்லது சாக வேண்டும்.

*

ஆக, கேட்பதற்கான அம்பலம் 140 ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கட்டப்பட்டுவிட்டது. குறைகள் நிறைய உண்டு, ஆயினும் கட்டடம் நிற்கிறது. இனி எஞ்சியிருப்பது குழந்தைக்குச் சொல்லைக் கொடுப்பது. அது சட்டத்தின் வேலையல்ல, நம் வேலை.

கை, கால், மூக்கு, காது என்று பெயர் சொல்லிக் கொடுக்கிறோம். இடுப்புக்குக் கீழே வந்ததும் மொழி நின்றுவிடுகிறது. அல்லது 'பப்பி ஷேம்' என்கிறோம். ஓர் உறுப்பின் பெயராகவே வெட்கத்தைக் கற்றுக்கொண்ட குழந்தை, அங்கே தனக்கு நேர்ந்ததை எந்தச் சொல்லால் சொல்லும்? வீட்டுக்கு வந்தவரிடம் போக மறுக்கும் குழந்தையை 'மாமாவுக்கு ஒரு முத்தா குடு' என்று தள்ளுகிறோம். 'பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே' என்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள், போக்சோவின் கடுமையான பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவரே என்று காட்டுகின்றன. அப்படியிருக்க, குழந்தையிடமிருந்து 'மாட்டேன்' என்ற சொல்லை முதலில் பறிப்பவர்கள் நாம்தான்.

'நல்ல தொடுகை, கெட்ட தொடுகை' என்ற பாடத்திலும் ஒரு சிக்கல் இருப்பதைக் களத்தில் உள்ளவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். தீங்கு செய்பவர் பெரும்பாலும் அன்பாகத்தான் தொடங்குவார். அது கெட்டதாகத் தோன்றாது. மேலும், கெட்டது தனக்கு நேர்ந்தால் தானே கெட்டவளாகிவிட்டதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும். ஆகவே இப்போது பாதுகாப்பான தொடுகை, பாதுகாப்பற்ற தொடுகை என்கிறார்கள். உணர்ச்சியை நம்பாமல் ஒரு விதியைக் கொடுக்கிறார்கள்: உள்ளாடை மறைக்கும் இடங்களை, உடல்நலத்துக்காகவோ சுத்தத்துக்காகவோ அன்றி, யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது. அவர்களுடையதைப் பார்க்கவோ தொடவோ உன்னிடம் கேட்கவும் கூடாது. அப்படி நடந்தால் வேண்டாம் என்று சொல், விலகிப் போ, நம்பும் ஒருவரிடம் சொல். அவர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் சொல், யாராவது கேட்கும்வரை சொல். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போயிருந்தாலும், இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருந்தாலும், தவறு உன்னுடையது அல்ல. சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுக்கும் குரலில், பயமுறுத்தாமல், வருடத்துக்கு ஒருமுறை அல்லாமல் அவ்வப்போது இதைச் சொல்ல முடியும்.

கேட்பவருக்கும் பாடம் உண்டு. முதலில் முகம் மாறக் கூடாது. நம் அதிர்ச்சியைப் பார்த்தால் குழந்தை பாதியில் நிறுத்திவிடும். 'ஏன் அப்பவே சொல்லல' என்று கேட்கக் கூடாது. 'சொன்னது நல்லது, உன்னை நம்புறேன்' என்பது போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று காப்பாற்ற முடியாத வாக்கைத் தரக் கூடாது. துருவித் துருவிக் கேட்டு நம் சொற்களை அதன் வாயில் வைக்கக் கூடாது. அது சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொண்டு 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். 2023இல் 1098 அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்து 112 அவசர அழைப்போடு இணைக்கப்பட்டது, ஆனால் எண் மாறவில்லை. 2021க்குப் பிறகு நம் அரசுப் பாடநூல்களில் அந்த எண்ணும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் இடம்பெறலாயின. புத்தகத்தில் எண் இருப்பது நல்லது. அது எதற்கு என்று யாராவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால்தான் அது பயன்படும்.

*

மூலக்கொத்தளத்து இடுகாட்டில் மூன்று நினைவிடங்கள் அருகருகே இருக்கின்றன. 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு இறந்த நடராசன், தாளமுத்து ஆகியோருடையவை இரண்டு. தமிழாசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடிய டாக்டர் தருமாம்பாளுடையது மூன்றாவது. மொழிக்காக வாழ்ந்தவர்களும் மடிந்தவர்களும் அங்கே உறங்குகிறார்கள். மொழியைக் காப்பது என்று நாம் பேசும்போது பெரும்பாலும் அதன் தொன்மையைப் பற்றியும் வளத்தைப் பற்றியும் பேசுகிறோம். அந்த இடுகாட்டுச் சுவருக்கு அப்பால் உள்ள குடியிருப்பில், இன்று மாலை ஒரு குழந்தை தன் அம்மாவிடம் எதையோ சொல்ல வந்து, சொல் கிடைக்காமல், 'எனக்கு டியூஷன் போகப் பிடிக்கல' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கக் கூடும்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, 'ஏன் கண்ணு, என்னாச்சு?' என்று கேட்டால்தான் தெரியும்.